பதினாலு செட்டு

என்னிடம் பதினாலு செட்டு இருந்தது. நகை செட்டு இல்லை, வீடியோ கேம் செட்டு. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இதை யாரும் முதலிலேயே சொல்லாமல் விட்டதால்தான் இரண்டாயிரத்து ஏழாம் வருடம் எங்கள் வீட்டில் அந்தக் கூத்து நடந்தது.

பழவேற்காட்டில் வீடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஒரு மோட்டார் கம்பெனியில் தரம் பார்ப்பேன். அங்கே கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கன்னியம்மாக்காவின் காயலான் கடை. குவார்ட்டர்ஸைக் காலி செய்பவர்களும் மலேசியாவிலிருந்து திரும்பியவர்களும் எடைக்குப் போட்டுவிட்டுப் போகும் சாமான்களுக்கு நடுவே எனக்கென்றே ஏதாவது கிடக்கும். டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய பெட்டிகள். உடைந்த மூடி, அறுந்த வயர், ஒற்றை ஜாய்ஸ்டிக். மற்றவர்களுக்கு அது பிளாஸ்டிக். எனக்கு அது நான் பிறந்த வருடத்துச் சாமான். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து, துடைத்து, உயிர் வரவைத்து, பழைய சேலைத்துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பேன். நாலு வருடத்தில் பதினாலு சேர்ந்துவிட்டது.

கேம் கேசட்டில் வாயால் ஊதுகிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே ஊதும். கேம் வரவில்லையா, கேசட்டை உருவு, புஸ்ஸென்று ஊது, திரும்பச் சொருகு. எச்சில் பட்டால் உள்ளே இருக்கும் செம்புப் பற்கள் கறுத்துப்போகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் யார் மண்டையிலும் ஏறாது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

என் வாப்பா அப்துல் ஜப்பார் இறால் வியாபாரி. மூன்று சம்பந்தம் என் கட்டிலடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் தீர்ப்புச் சொன்னார். "இதான் கடைசி மாஹிரா. அடுத்த சம்பந்தமும் தட்டிப்போச்சின்னா அத்தினியும் கன்னியம்மா தராசுக்குப் போய்டும். இன்னா?"

"என் செட்ட ஏத்துக்கிற ஊட்டுக்குத்தான் நான் போவேன் வாப்பா."

 வாயால் சொன்னதை வாப்பா மாற்றியதே கிடையாது. வீராப்பாகப் பேசிவிட்டு வந்தாலும் எனக்கு உள்ளே பயமாகத்தான் இருந்தது.

நாலாவது சம்பந்தம் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பெயர் தாஹா. அத்திப்பட்டு பவர் ஸ்டேஷனில் மீட்டர் கருவிகளைப் பழுது பார்க்கிறவர். அவருடைய அம்மா ஹலீமா மாமி, பழைய பேப்பர் போடப் போன இடத்தில் கன்னியம்மாக்காவிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். அக்கா விட்டுக்கொடுக்குமா?

"மாஹிராவா? தங்கமான பொண்ணாச்சே! பதினாலு செட்டு வச்சிக்கினு கீது. அத்தினியும் ஃபாரின் செட்டு. தொடச்சித் தொடச்சி வச்சிக்கும்."

மறுநாளே மாமி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு எதுவும் வேண்டாம், பொண்ணு தன்னுடைய பதினாலு செட்டோடு வந்தால் போதும். எனக்குத் தலைகால் புரியவில்லை. செட்டோடு வா என்று கூப்பிடுகிற மாமியார் எங்கே தேடினாலும் கிடைப்பாரா? என் உம்மா சாலிஹாவும் நம்பிவிட்டார். அல்லாஹ் கண் திறந்துவிட்டான் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் வாப்பாவுடன் தாஹா. உள்ளறையில் மாமி, உம்மா, நான்.

"செட்டெல்லாம் பேங்க் லாக்கர்லயா வச்சிருக்க?" என்றார் மாமி.

"இல்ல மாமி, கட்டிலுக்குக் கீழ."

மாமி நெஞ்சில் கை வைத்தார். "பயமா இல்லியா?"

"எலிக்குத்தான் பயம் மாமி. கடிச்சிடும்."

மாமி கொஞ்சம் யோசித்தார். "வெயிட்டு எப்டி?"

"பழசெல்லாம் நல்ல வெயிட்டு. இப்ப வர்றதெல்லாம் வெறும் காத்து."

"அதான! அந்தக் காலத்து வேல வேலதான். கல்லு வச்சதா?"

"மரம் வச்சது ஒண்ணு கீது மாமி. அதான் எனக்கு உசுரு."

"மரமா?" மாமி உம்மாவைப் பார்த்தார். புது டிசைன் போல என்று நினைத்துக்கொண்டாராம். "சரி, அதையே மாட்டிக் காட்டு, பாக்கலாம்."

இந்த ஒரு வார்த்தைக்காக நான் நாலு வருடம் காத்திருந்தேன். குனிந்து, முன்பக்கம் மரப்பலகை ஒட்டிய அட்டாரி கம்பெனிப் பெட்டியை இழுத்தேன். நேராக அறை மூலையில் இருந்த டிவிக்குப் போய், பின்பக்கம் வயரை மாட்டி, கேசட்டைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன். திரை முழுக்கப் புள்ளிகள் கொதித்தன.

"இன்னாது இது?" என்றார் மாமி.

"செட்டு மாமி."

"பதினாலும் இதேவா?"

"ச்சே ச்சே, ஒவ்வொண்ணும் வேற வேற."

உம்மாவுக்கு என்னைவிட மூளை வேகம். நெற்றியில் அடித்துக்கொண்டார். மாமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூடத்தின் பக்கம் திரும்பி, "தாஹா! எயுந்திரு, போலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கன்னியம்மாக்காவின் தராசு கண் முன்னால் ஆடியது. அழுகை வந்தது, ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. "எதுவும் வேணாம்னுதான மாமி சொல்லி அனுப்பினீங்க? அப்போ இப்ப எதுக்கு எயுந்து போறீங்க?"

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. உம்மா என் தொடையைக் கிள்ளினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல் தப்பான நேரத்தில் தப்பான யோசனை சொன்னார். "கேசட்ட எட்த்து ஊதுடி. படமாச்சும் வரட்டும்."

"ஊதாதீங்க" என்றது ஒரு குரல்.

அம்மா கூப்பிட்டாரே என்று எழுந்து வந்து, தாஹா கதவருகே நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அட்டாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எச்சி பட்டா கறுத்துடும். பென்சில் ரப்பர் இருக்கா?"

இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் ரப்பரை எடுத்து நீட்டினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேசட்டின் பற்களைப் பொறுமையாகத் தேய்த்தார். ஊதவில்லை. சொருகினார். டிவியில் இரண்டு டாங்கிகள் வந்து நின்றன. ஒன்றை நான் ஓட்டினேன். இன்னொன்றுக்கு ஜாய்ஸ்டிக் கிடையாது, அது சுவரோரம் சும்மா நின்றது.

"தாஹா, வான்னு சொல்றேன்ல?"

"ரெண்டு நிமிசம்மா."

ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. வேறு வழியில்லாமல் மாமி கட்டில் நுனியில் உட்கார்ந்தார். குனிந்து கட்டிலடியைப் பார்த்தார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன்.

"எலி..." என்றார் மாமி. மூச்சு வாங்கியது. "நகைய எந்த ஊரு எலிடி கடிக்கும்னு நானும் ரோசன பண்ணேன். கேக்க வெக்கமா இருந்துச்சி."

உம்மாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு மாமி என்னிடம், "நீ ஒரு பொய்யும் சொல்லல. நான்தான் ஆசப்பட்டத நேரா கேக்காம போய்ட்டேன்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டாவது வண்டி ஏன் சும்மா நிக்குது?" என்று கேட்டார்.

"அதுக்கு ஜாய்ஸ்டிக் இல்ல மாமி."

மாமி என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை ஒரு தடவை வாங்கிப் பார்த்தார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். தராசுப் பேச்சை வாப்பா அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிக்காஹ். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹரை எங்களில் பெண்தான் கேட்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம், நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மஹராக என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு செட்டு" என்றேன்.

ஹஜ்ரத் நகை செட் என்று எழுத ஆரம்பித்தார். "எத்தன பவுனு?"

வாப்பா இருமினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹலீமா மாமி முந்திக்கொண்டார்.

"பவுனு இல்ல ஹஜ்ரத், டிவில மாட்ற செட்டு. ரெண்டு ஜாய்ஸ்டிக்கோடன்னு தெளிவா எழுதுங்க. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு."

மஹர் என்பது முழுக்க முழுக்க மணமகளுக்கு மட்டுமே சொந்தம் என்று ஹஜ்ரத் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். நான் திரைக்குள்ளிருந்தே, "பரவால்ல ஹஜ்ரத், மாமி சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றேன்.