பதினோரு நொடி

வீட்டில் என்னை டப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் டப்பாவில் போட்டு மூடி வைப்பேனாம். கம்ப்யூட்டரில் கண்டெய்னர் வேலைக்கு நான் போனதில் அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

"ஒரு புரோகிராமை அதுக்கு வேண்டியதோட சேர்த்துத் தனியா அடைச்சு ஓட்டுறது, அவ்வளவுதான்" என்று விளக்கினேன்.

"அப்போ டப்பா மூடுறதுக்கே சம்பளமா? பொழைச்சுக்குவே போ."

அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் போவதற்குள் ஆயிரம் வாக்கியம் படித்துப் பதிவு செய்தால், பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அவள் குரலிலேயே பேசும் புரோகிராம் ஒன்று இருந்தது. அவளுடைய பழைய லேப்டாப் அதைத் தாங்காது. மார்தட்டிக்கொண்டு நான்தான் வேண்டாததையெல்லாம் வெட்டி எறிந்து சொந்தமாக ஓர் இயங்குதளம் கட்டினேன். முழுக்க நினைவகத்திலேயே ஓடும். பட்டனைத் தட்டிய பதினோரு நொடியில் எல்லாம் தயார். அணைத்தால் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும்.

பதிவு புரோகிராமை ஒரு கண்டெய்னரில் போட்டேன். பதிவுகள் அழியாமல் ஹார்ட் டிஸ்கில் போய்ச் சேர இன்னும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். முதலில் ஓடுகிறதா பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் வரியை மறந்தே போனேன், பாவி.

மூன்று வாரம், வலியோடு, வெந்நீரைக் குடித்துக் குடித்துப் படித்தாள். மூடினால் லேப்டாப் தூங்கும், திறந்தால் விழிக்கும். அணைக்கும் தேவையே வரவில்லை. ஆயிரமாவது வாக்கியம் முடிந்ததும், "டேய் டப்பா, இனிமே என் குரல் போனாலும் உனக்குத் திட்டு நிக்காது" என்றாள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் லேப்டாப்பை வார்டுக்குக் கொண்டுபோனேன். அக்காவின் கட்டிலருகே அத்தான் நின்றார். மூடியைத் திறந்தாலே போதும். எனக்குத்தான் பெருமை பொறுக்கவில்லை.

"அத்தான், எவ்வளவு வேகமா வருதுன்னு பாருங்க" என்று அணைத்துவிட்டு மறுபடி பட்டனைத் தட்டினேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "பதினொண்ணு! கெட்டிக்காரன்டா மாப்ளே."

திரையில் எழுத்து வந்தது. பதிவுகள்: 0. முதல் வாக்கியத்தைப் படிக்கவும்.

டிஸ்கில் இருந்திருந்தால் தோண்டியாவது எடுக்கலாம். நினைவகத்தில் இருந்தது, கரண்ட் போனால் போனதுதான். அது எனக்குத் தெரியாதா? அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவள் வாய்.

"ஏன் நிக்கிறே? பேச வைடா" என்றார் அத்தான்.

சொன்னேன். அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா எழுதும் பலகையைத் தேடவில்லை. குரல் போனதை மறந்து என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். கழுத்துக் கட்டுக்குள் காற்று மட்டும் சீறியது. உதடு விடாமல் அசைந்தது. நல்லாத் திட்டு அக்கா, திட்டு என்று நான் அழுதேன்.

மைக் திறந்தே இருந்தது. திரையில் அடுத்த வரி வந்தது. குரல் கேட்கவில்லை. மீண்டும் படிக்கவும்.

அக்கா அதைப் படித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.