இரண்டு நாவலும் ஒரு பொதித் தூளும்

உலகம் அழிந்துபோவதைப் பற்றிக் கதைக்க அபிகாயிலுக்கு இந்தப் பூமியில் ஒரேயொரு ஆள்தான் மிஞ்சியிருந்தாள். அவள் நிவேதனா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு பல்கலைக்கழகக் கம்பசில் வேலை பார்ப்பவள். அபிகாயிலைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மற்ற ஆட்களெல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடியில் மாதமொருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் ஒரு காலத்தில் உட்காரக் கதிரை கிடைக்காமல் ஆட்கள் நின்றார்கள். பிறகு ஒருவர் லண்டன் போனார், ஒருத்தி கலியாணம் முடித்துப் பிரான்ஸ் போனாள், மூன்று பேர் கனடா. இப்போது ஆட்களைவிடக் கதிரைகள்தான் கூடுதல்.

தெல்லிப்பழையில் அபிகாயிலின் வீடும் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் கல்லறையில், தம்பிமார் நோர்வேயில். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தால் அடுத்த நாள் காலைவரை அவள் வாயைத் திறப்பது சாப்பிடவும் செபிக்கவும்தான். மற்ற நேரம் வாசிப்பாள். வாசித்ததைச் சொல்ல நிவேதனா இருக்கிறாள் என்ற தைரியத்தில் வாசிப்பாள். அவளும் போய்விட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்துபோய் முற்றம் கூட்டுவாள்.

இந்த மாதக் கூட்டத்தில் இருவரும் சேர்ந்து இரண்டு நாவல்களை ஒப்பிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. இரண்டுமே உலகம் முடிந்த பிறகு பிழைத்துக் கிடப்பவர்களின் கதை. வடக்கே பனிநாட்டுக்காரர் எழுதியது அபிகாயிலின் பங்கு. கிழக்கே ஒரு தீவுநாட்டுக்காரி எழுதியது நிவேதனாவின் பங்கு. ஒத்திகை பார்க்க, கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அபிகாயில் பஸ் ஏறினாள்.

நிவேதனா இருந்த வீட்டின் படலையைத் திறந்ததுமே தும்மல் பிடித்துக்கொண்டது. செத்தல் மிளகாய் வறுத்த நெடி.

“என்ன நிவே, தூள் இடிக்கிறீரோ?”

“சீச்சீ, முன்வீட்டு ஆக்கள்,” என்றாள் நிவேதனா. அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. பிறகு வழக்கம்போல அபிகாயிலின் தலையைப் பார்த்துப் பகிடி விட்டாள். “உந்தப் பச்சை றப்பர் பட்டியை இன்னும் விடேல்லையோ? உலகம் அழிஞ்சாலும் அது அழியாது அக்கா.”

இருவரும் புத்தகங்களுடன் உட்கார்ந்தார்கள்.

“என்ரை பனிநாட்டான் தன்ரை காலடித் தடத்தையே அழிச்சு அழிச்சு நடக்கிறான்,” என்று அபிகாயில் தொடங்கினாள். “ஆரும் பின்னாலை வந்திடுவினம் எண்ட பயம். உம்மடை தீவிலை எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை ஒண்டாச் சமைச்சுச் சாப்பிடுகினம். அங்கை ஆள் வந்தாப் பயம், இங்கை ஆள் போனாப் பயம். இதிலையிருந்துதான் நான் தொடங்கப்போறன்.”

“நல்லாயிருக்கு அக்கா.”

“உம்மடை தீவிலை அந்தப் படகுக்காரனைத்தான் எனக்குப் பிடிக்கேல்லை. போறவன் சொல்லிப்போட்டுப் போகோணும் எண்டு எல்லாரும் சேர்ந்து வைச்ச சட்டம். உவன் விடியப்புறம் கள்ளன்மாதிரி வள்ளத்தை எடுத்துக்கொண்டு போட்டான். அதுகள் பாவங்கள், சாப்பாட்டு நேரம் அவன்ரை கோப்பையையும் எடுத்து வைச்சுக்கொண்டு இருக்குதுகள். நன்றி கெட்டவன்.”

நிவேதனா புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். “சொல்லியிருந்தா அழுதிருப்பினம். அந்த முகங்களைப் பாத்தா அவனுக்குக் கால் எழும்பியிராது.”

“அப்ப சொல்லாமல் போறதுதான் பாசமோ?”

“சில நேரம்.”

“உதை நாளைக்குக் கூட்டத்திலை சொல்லும். நல்லாச் சண்டை பிடிக்கலாம்.”

நிவேதனாவின் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர் குடிக்கலாம் என்று அபிகாயில் குசினிக்குள் போனாள்.

நிலத்தில் விரித்த பேப்பரில் மிளகாய்த் தூள் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கட்டி முடித்த ஒரு பெரிய பொதி. அதற்குப் பக்கத்தில் பெட்டி ஒட்டும் நாடா. தனிக்கட்டை ஒருத்தி வருடக்கணக்காக இருந்து தின்றாலும் முடியாத தூள். யாழ்ப்பாணத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இவ்வளவு தூளை வறுத்து இடித்துக் கட்டினால் அது பிளேன் ஏறப்போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், வறுத்த மிளகாயை மறைக்க ஏலாது.

விசா வந்தாலும் பிளேன் கிளம்பும்வரை ஒருவரும் மூச்சு விடுவதில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. ஊருக்கு மறைக்கட்டும், எனக்குமா? அபிகாயிலுக்குக் கோபம் வந்தது. வெளியே போய் “எங்கையடி போறாய்?” என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் புறப்படுகிறவளிடம் அப்படிக் கேட்டால் பயணம் தடைப்படும் என்பார்கள். வேதக்காரிக்குச் சகுனமாவது கண்ணூறாவது. ஆனாலும், நம்பாதவளின் கண்ணும் கண்தானே.

அப்போதுதான் பொதியின் வாயைப் பார்த்தாள். கட்டு தளர்ந்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு எப்போதுமே கட்டத் தெரியாது. ஏதோவொரு விமான நிலையத்தில் சூட்கேசுக்குள் உடுப்பெல்லாம் தூளாகிவிடும். இன்னொரு பையைத் தேடியெடுத்துப் பொதியை அதற்குள் வைத்தாள். வாயை முறுக்கினாள். தலையிலிருந்த பச்சைப் பட்டியைக் கழற்றி இறுக்கிச் சுற்றினாள். பிறகு தலைமயிரைக் கையால் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

“நாளைக்குச் சந்திப்பம் அக்கா,” என்றாள் நிவேதனா, நிலத்தைப் பார்த்தபடி.

“ஓம்,” என்றாள் அபிகாயில்.

பஸ்ஸில் கண் எரிந்தது. மிளகாய்க் கையால் துடைத்ததால்தான் என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். உண்மையில் அழுதுகொண்டுதான் வந்தாள்.

அடுத்த நாள் கூட்டத்துக்கு நிவேதனா வரவில்லை. கைப்பேசி வேலை செய்யவில்லை. வந்திருந்த நாலைந்து பேருக்கு முன்னால் அபிகாயில் இரண்டு நாவலையும் தானே சொன்னாள். பனிநாட்டானைச் சொல்லி முடித்துப் படகுக்காரனிடம் வந்தபோது புத்தகத்தை மூடிவைத்தாள்.

“அவனிலை பிழையில்லை,” என்றாள். “சொல்லியிருந்தா அவனாலை போயிருக்க ஏலாது. ஆனா ஒருத்திக்கு விளங்கிப்போச்சு. முதல் நாள் பின்னேரம் அவள் வள்ளத்தடிக்குப் போறாள். வள்ளத்திலை ஒரு ஓட்டை. ஒண்டும் கேக்காமல் அதை அடைச்சுப்போட்டுத் திரும்பி வாறாள்.”

முன்வரிசையில் இருந்த தம்பிராசா, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், எந்தப் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டைவரை வாசிப்பவர், கண்ணாடியைக் கழற்றினார்.

“ரீச்சர், நானும் வாசிச்சனான். அப்பிடி ஒருத்தி அதிலை இல்லையே?”

“இல்லைத்தான் ஐயா,” என்றாள் அபிகாயில். “இருந்திருக்கோணும்.”

பக்கத்தில் நிவேதனாவுக்கென்று போட்ட கதிரையைக் கடைசிவரை ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை நடுவில், பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கும்போது கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு படம். தெரியாத ஊரின் குசினி மேசையில் பொதி இருந்தது, அதன் கழுத்தில் பச்சைப் பட்டி. கீழே ஒரு வரி.

“அக்கா, தூள் கொஞ்சமும் சிந்தேல்லை.”

அபிகாயில் அதை வாய்விட்டு வாசித்தாள். கேட்க ஒருவரும் இல்லாவிட்டாலும் இன்னொருமுறை வாசித்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, காலையிலேயே கூட்டியிருந்த முற்றத்தைக் கூட்டப் போனாள்.