பதினொரு மணிச் சூடு

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சொல்லிச் சிரிப்பவர்கள் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். ஊரார் லேப்டாப்புக்கெல்லாம் சூடு தணித்துக் கொடுக்கிறவன் நான். என் மனைவியின் லேப்டாப் மட்டும் தினமும் இரண்டு முறை கொதித்துப்போய்த் தானாக அணைந்துவிடும். காலையில் பதினொரு மணி வாக்கில் ஒரு முறை, சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஒரு முறை.

கடையை ஒரேயடியாக மூடிவிட்ட பிறகு சாப்பாட்டு மேசைதான் எனக்குப் பட்டறை. அவளுக்கு உள் அறையில் வேலை. ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. என் பட்டறை வருமானத்தை நம்பினால் உலை கொதிக்காது. வீடு ஓடுவது அவள் தொண்டையில்தான்.

ஒரு நாள் டியூஷன் டீச்சர் ஒருவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே காற்றாடி உறுமுகிற சத்தம் கேட்டது, பிறகு சட்டென்று அமைதி. என் மனைவி வெளியே வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னாச்சும்மா?" என்றார் டீச்சர்.

"சூடாகி நின்னுடுச்சு டீச்சர். ஆறட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தன் லேப்டாப்பைப் பார்த்தார். "இங்க குடுக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், மெஷினையும் விட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு மூக்கறுபட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன்.

முதலில் முழுசாகக் கழற்றினேன். காற்றாடியில் ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. சிப்பின் மேல் சூடு கடத்தப் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து பொறுக்குத் தட்டியிருந்தது. சுரண்டி, துடைத்து, புதிதாகப் பூசினேன். மறுநாள் பதினொரு மணிக்கு நின்றுவிட்டது.

அடுத்து அடிமூடியில் துளை போட்டேன். காற்றாடிக்கு நேர் கீழே நாற்பத்தெட்டுத் துளை, வரிசைக்கு எட்டு, மேலே பொடி வலை. நாலு மூலையிலும் ரப்பர்க் கால் வைத்து ஒரு விரல் உயரம் தூக்கினேன். என் மேசையில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது, எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. அவள் அறைக்குப் போனது. பதினொரு மணிக்கு நின்றுவிட்டது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். என் மேசையில் பூனை, அவள் அறையில் புலி. ஜன்னல் வெயிலோ என்று திரையைத் தைத்து மாட்டினேன். கரண்ட்டோ என்று பிளக்கை மாற்றினேன். மூன்று வாரம் வேறு வேலையே ஓடவில்லை. "விடுங்களேன், பழைய மெஷின்தானே" என்று அவள் இரண்டு மூன்று முறை சொன்னாள். அவள் விடச் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிவாதம் ஏறியது.

கடைசியில் பாத்திரம் கவிழ்க்கும் பழைய கம்பித்தட்டை அவள் மேசையோடு ஸ்க்ரூ வைத்து முடுக்கினேன். லேப்டாப்பைத் தட்டோடு முடுக்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய காற்றாடி, சுற்றிலும் கம்பிவலை. பார்க்க அசிங்கம்தான். ஆனால் பதினொன்று தாண்டியது, பன்னிரண்டு தாண்டியது, நாலு மணியும் தாண்டியது. மறுநாளும் அப்படியே. டீச்சருக்கு நானாகவே போன் போட்டுச் சொன்னேன்.

நாலு நாள் ஓடியது. அவள் குரல் கம்மியது, தூசி என்று நினைத்தேன். சாப்பிடும்போது பேசுவதில்லை, பேசிப் பேசி அலுத்திருப்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்து டம்ளர் நழுவியபோது "பார்த்து" என்று மட்டும் சொன்னேன். மெஷினின் டிகிரியைத் தினமும் நோட்டில் குறித்தவன் நான்.

ஐந்தாம் நாள் அவள் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். "புரியுதுங்க, உங்க சிரமம் புரியுது, மன்னிச்சுக்கங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை துளியும் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று மேசை டிராயரை இழுத்தேன். நாலாக மடித்த கைத்துண்டு ஒன்று இருந்தது. அதன் மேல் பழுப்பாகப் புள்ளிகள். வரிசைக்கு எட்டு, ஆறு வரிசை.

என் துளைகள். இதை அடியில் வைத்துத்தான் காற்றை அடைத்திருக்கிறாள். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஒவ்வொன்றும் என் கை போட்டது.

அவள் அந்த அழைப்பை முடித்துவிட்டு, ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளினாள்.

"பாத்ரூம் போனாகூட நிமிஷம் எண்ணுறாங்க. மெஷின் நின்னா மட்டும் எண்ணுறதில்ல. அதுவும் ரெண்டு தடவைக்கு மேல நின்னா ஆபீஸுக்கே வந்துடுன்னுடுவாங்க. அதான் ரெண்டோட நிறுத்திக்குவேன்."

"சாப்பாட்டுக்கு அரை மணி விடறாங்கல்ல?"

"அதுல சமைக்கிறேன்ல?"

அந்த அரை மணியில் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருப்பேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க துளை போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஏதோ பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டு." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "பதினாறு வருஷத்துல எனக்காக நீங்க இப்படி மெனக்கெட்டதே இல்லங்க. எந்த வாயால வேணாம்னு சொல்றது?"

அடுத்த அழைப்பு வந்துவிட்டது. ஹெட்போனை இழுத்து மாட்டிக்கொண்டு, "வணக்கம், சொல்லுங்க" என்றாள்.

வெளியே வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுவரில் அவள் தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைப்பானேன்.

ஆறு மணிக்கு அவள் எழுந்ததும் கம்பித்தட்டைக் கழற்றினேன். ஆனால் அந்தத் துண்டை மறுபடி அடியில் வைக்கவிட மனமில்லை. துணி என்றைக்காவது நிஜமாகவே பற்றிக்கொள்ளும். உடைந்த மூடி ஒன்றிலிருந்து மெல்லிய தகடு வெட்டி, துளைகளுக்குக் கீழே நகர்கிற மாதிரி பொருத்தினேன். ஓரத்தில் பிடித்து இழுக்க ஒரு சின்னக் காது.

"இத இழுத்தா துளை மூடிக்கும். பத்து நிமிஷத்துல நின்னுடும். எரியாது, கெடாது. தள்ளிவிட்டா பழையபடி ஓடும்."

அவள் இழுத்துப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"மத்தியானச் சமையல் இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

மறுநாள் டீச்சர் தன் லேப்டாப்பை வாங்கிப்போக வந்திருந்தார். பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கையில் உள்ளே காற்றாடி உறும ஆரம்பித்தது. நான் பேச்சை நிறுத்திக் காத்திருந்தேன். அடங்கியது. அவள் வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கறையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"சரி பண்ணிட்டேன்னு போன் போட்டீங்களே" என்றார் டீச்சர்.

"பண்ணேன் டீச்சர். நிலைக்கல. அந்த மெஷின் மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

டீச்சர் தன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார். "இப்ப இன்னொரு தடவைதான் திறந்து பாருங்களேன், பாவம் அவங்க" என்றார்.

"வேணாம் டீச்சர்" என்றேன். "ஆறட்டும்."