டியூபாவின் பித்தளை நிறம்

பெயிண்ட் தின்னரில் நனைத்த பஞ்சை டியூபாவின் அகன்ற வாயில் வைத்து ஒரு சுற்றுத்தான் சுற்றினான் சிவகுருநாதன். அழுக்கோடு பொன்னிறமும் பஞ்சில் வந்துவிட்டது. பதறிப்போய் ஒற்றி எடுக்கப் பார்த்தான். தின்னர் வளைந்த குழாய்கள் வழியே வழிந்து, துடைக்கத் துடைக்க மொத்தச் சாயமும் கழன்றது. கடைசியில் சாம்பல் நிற ஈயம்தான் மிஞ்சியது.

டியூபா என்ற அந்தப் பெரிய ஊதுகருவியைச் சுமந்து நின்றது சுண்டுவிரல் உயரமே உள்ள ஈயப் பொம்மை. அதுபோல இருபத்தொரு பொம்மைகள் சேர்ந்த ஒரு பேண்டு வாத்தியக் குழு. வண்ணம் தீட்டியவர் கனகேஸ்வரி அக்காவின் கணவர் விநாசித்தம்பி. பகலில் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர், சாயங்காலங்களில் ஒரு பேண்டில் டிராம்போன் வாசித்தார். தன்னோடு வாசித்தவர்களையே பொம்மைகளாகத் தீட்டி வைத்துவிட்டு எண்பத்தொன்றாம் ஆண்டில் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஆறு வருடமாக அவை கண்ணாடி அலமாரியில் அடுப்புப் புகையும் தூசியும் படிந்து நின்றன. சிவகுருநாதனுக்கும் ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுவதில் பைத்தியம். கோயிலில் பழக்கமான அக்காவின் வீட்டுக்கு வந்தபோது, "நான் கிளீன் பண்ணித் தர்றேன்" என்று வலியப் போய்க் கேட்டவன் அவன்தான்.

அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த அக்காவுக்குத் தெரியாமல் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றினான்.

"அக்கா, இது ஒண்ண மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லாச் செஞ்சு கொண்டாறேன். அண்ணனோட பெயிண்ட் ஏதாச்சும் இருக்கா?"

அக்கா தேடி ஒரு குட்டி டின்னை எடுத்து வந்தாள். உள்ளே தங்க நிறம் கல்லாக இறுகிக் கிடந்தது. மூடியில் இங்கிலாந்துக் கம்பெனியின் எண் இருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் தங்கராஜுவின் விளையாட்டுச் சாமான் கடை. அவர் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த நம்பர் இப்ப வர்றதில்ல தம்பி. மூணு வருஷமாச்சு. ஜப்பான்காரன் கோல்டு இருக்கு, எடுத்துக்க. கோல்டுன்னா கோல்டுதானே லா!"

ஒரு கம்பெனியின் எண்ணுக்கு நேராக இன்னொரு கம்பெனியின் எண்ணைப் போட்ட அட்டவணை ஒன்றின் நகலும் அவரிடம் இருந்தது. சிவகுருநாதன் அதை நம்பித்தான் முதல் புட்டியை வாங்கினான். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு அட்டவணைகள் மேல் மரியாதை உண்டு.

அதே கரையில் பாகான் டாலாமில் இருந்த தன் வீட்டில் ஒரு டஜன் பிளாஸ்டிக் கரண்டிகளை வரிசையாக வைத்துப் பூசிப் பார்த்தான். இறுகிய டின்னிலிருந்து ஒரு சில்லைச் சுரண்டி, மழமழவென்று தேய்த்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். அட்டவணை சொன்ன ஜப்பான் தங்கம் எலுமிச்சைப் பழம்போல மஞ்சளடித்தது. இன்னொரு கம்பெனியுடையது செம்பாகச் சிவந்தது. கார் சக்கரத்துக்கு அடிக்கும் ஸ்பிரேயை மூடியில் பிடித்துத் தொட்டுப் பூசினால் துகள் பெரிதாக இருந்தது; இத்தனூண்டு டியூபாவில் அது மணல் ஒட்டியதுபோல இருக்கும். அடியில் கறுப்புப் பூசினால் ஒரே சாயம் வேறாகத் தெரிந்தது. அதற்குப் பதில் பழுப்பைப் பூசினால் இன்னொன்றாகத் தெரிந்தது. டியூப் லைட்டில் பொருந்தியது வெயிலில் பொருந்தவில்லை. பேர் ஒன்று, எண் நேர், ஆனால் நிறம் மட்டும் அதுவல்ல.

மூன்று வாரம் ஓடியது. கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்டாள். "காஞ்சிக்கிட்டிருக்கு அக்கா" என்றே சொல்லிவந்தான். அந்த வார்த்தையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு வாய் கசந்தது.

கடைசியில், மற்ற பொம்மைகளோடு நேரிலேயே ஒப்பிட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரண்டிகளையும் பூதக்கண்ணாடியையும் சாயப் புட்டிகளையும் தூரிகையையும் கைக்குட்டையில் சுற்றிய பொம்மையையும் எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினான்.

அக்கா வீட்டு ஜன்னலோரம் இருபது பொம்மைகளையும் வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தான். முன்வரிசைக் கருவிகளில் டின்னில் இருந்த அதே பளிச்சென்ற தங்கம். பின்வரிசையில், டியூபாவுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும் கருவிகளிலோ மங்கலான, பச்சை ஓடிய வேறொரு நிறம். புகைக்கறை என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பார்த்தான். கறையல்ல, சாயமே வேறு. அப்படியானால் மூன்று வாரமாக அவன் துரத்தியது தப்பான தங்கத்தை.

நடுத்தரமாக எதையாவது பூசிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு வந்ததும்தான் அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"அக்கா, இதைக் கிளீன் பண்ணப் போய் அண்ணன் அடிச்ச பெயிண்டையே தொடச்சிட்டேன். அன்னிக்கே நடந்தது. சொல்லல."

அக்கா கைக்குட்டையைப் பிரித்து, சாம்பலாய் நின்ற டியூபாவைப் பார்த்தாள்.

"மூணு வாரமா காயுதுன்னியே?"

"பயம் அக்கா."

"பெயிண்ட் போனாப் போவுது. பொய்யச் சொல்லிட்டு என் கையால காப்பி வாங்கிக் குடிச்சே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் ஓசைப்பட்டன. கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல் அவன் உட்கார்ந்தே இருந்தான். நெடுநேரம் கழித்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "எங்க, காட்டு" என்றாள்.

இரண்டு நிறங்களையும் காட்டினான். "அண்ணனுக்கும் நடுவுல டின் தீர்ந்திருக்கும். வேற கம்பெனியத் தேடி வாங்கியிருக்காரு போல."

அக்கா பூதக்கண்ணாடியைப் பின்வரிசை மேல் நகர்த்தினாள். "அப்படியும் இருக்கலாம். ஆனா பின்னால நின்னவங்க வாசிச்சதெல்லாம் பழைய சாமான் தம்பி. முன்னாடி ஆளுங்களுக்குத்தான் புதுசு. டியூபா வாசிச்சது ஆ ஹோக்னு ஒரு சீனன். மழையில நனைஞ்சாலும் தொடைக்க மாட்டான். உங்கண்ணன் வீட்டுக்கு வந்து அவனத் திட்டித் தீப்பாரு. ரெண்டு பேரும் உயிருக்குயிரு."

டின் தீர்ந்ததாலா, கண்ணால் பார்த்ததை அப்படியே பூசினாரா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. சிவகுருநாதனுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கரண்டிகளை அவள் முன்னால் பரப்பினான்.

அவள் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஜப்பான் தங்கத்தில் ஒரு துளி பழுப்பு கலந்து, கறுப்பின் மேல் பூசிய கரண்டியை எடுத்தாள். அவன் சரியில்லையென்று முதல் வாரமே ஒதுக்கியது அது.

"இதுதான். இன்னும் கொஞ்சம் அழுக்காக்கு."

அங்கேயே மேசையில் உட்கார்ந்து பூசினான். அக்கா எதிரில் அமர்ந்து, வளைவுகளில் பச்சைக் களிம்பு எங்கே படிந்திருக்கும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் தானே எடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஆ ஹோக்கேதான்" என்றாள்.

அவன் மற்ற பொம்மைகளின் பக்கம் கையை நீட்டினான்.

"அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் கனகேஸ்வரி அக்கா. பிறகு, "உக்காரு, காப்பி போடறேன்" என்றாள்.