மூன்று வாரமாக ஓடாத மிஷின்

வீட்டில் சலவை மிஷின் படுத்து மூன்று வாரம் ஆகிறது. படுத்த மிஷின்களை எழுப்புவதுதான் அந்த வீட்டு மருமகளுக்குப் பிழைப்பு. கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு அலைவதால் தெருவில் அவளுக்கு டெஸ்டர் என்றே பெயர். சொந்த மிஷினுக்கென்று இரண்டு தடவை, மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் எடுத்து வைத்தாள். இரண்டு தடவையும் யாராவது கைக்குழந்தையோடு அவள் ரிப்பேர் கடை வாசலில் வந்து, "துணி மலையாக் குவிஞ்சு கிடக்குக்கா" என்று நின்றார்கள். கண்டன்சர் அங்கே போய்விட்டது.

"ஊர் மிஷினெல்லாம் உன் கையில சுத்துது. நம்ம வீட்டுது மட்டும் வேலைநிறுத்தம் பண்ணுது" என்பார் மாமனார்.

அவர் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவர். வலது தோள் போய்விட்டது, வாய் போகவில்லை. மகன் லாரியோடு போனால் பத்து நாள், பதினைந்து நாள். வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். "என் வேலையை நான் பார்த்துக்க முடியாத நாள் வந்தா, சொல்லாம கொள்ளாம கிளம்பிடுவேன். தேடாதீங்க" என்று அவர் சொல்வது வழக்கம். முதலில் அவளும் சிரித்தாள். போன வருஷம் அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர் அப்படித்தான் தன் மகன் வீட்டைவிட்டு இறங்கிப் போனார். இன்றுவரை தகவல் இல்லை. அதற்குப் பிறகு அவள் சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு லீவு. மிஷினைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள்.

"லீவு நாள்ல போய் எதுக்கும்மா?" மாமனார் வாசற்படியில் நின்றார். வியாழக்கிழமையிலிருந்து வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. கதவு இடித்ததாகச் சொன்னார்.

"லீவு நாள்லதான் நம்ம வீடு கண்ணுக்குத் தெரியுது மாமா."

பழக்க தோஷத்தில் முதலில் தொட்டிக்குள் இருந்த பஞ்சு வடிகட்டியைக் கழற்றினாள். கை நனைந்தது. மூன்று வாரமாக ஓடாத மிஷினின் வடிகட்டி காய்ந்து மொறமொறவென்று இருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. உள்ளே நீலப் பஞ்சு. வீட்டில் நீலம் ஒன்றே ஒன்றுதான், அவருடைய படுக்கை விரிப்பு.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்மூடியைத் திறந்து கண்டன்சரை எடுத்தாள். பல்வலிக்காரன் கன்னம்போல உப்பியிருந்தது. மீட்டரை வைத்தாள். பத்து காட்ட வேண்டிய இடத்தில் மூன்று.

இந்தச் சீக்கு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மோட்டாரில் குறையில்லை. கிளம்புவதற்கு வேண்டிய முதல் உந்தலைக் கண்டன்சர்தான் தரவேண்டும். அது தளர்ந்தால் மோட்டார் உம்மென்று முனகிக்கொண்டு நிற்கும். யாராவது கையால் ஒரு சுற்று தள்ளிவிட்டால் ஓடும். மின்விசிறியைக் குச்சியால் தள்ளிவிடுகிறார்களே, அதே கதைதான். ஆனால் விசிறிக்கு ஒரு தடவை தள்ளினால் போதும். சலவை மிஷின் அரை நிமிஷம் இப்படிச் சுற்றி, நின்று, அப்புறம் அப்படிச் சுற்றும். ஒவ்வொரு தடவையும் தள்ள வேண்டும். கால் மணி நேரத்துக்கு முப்பது தடவை, சோப்புத் தண்ணீருக்குள் கையை விட்டு, அடியில் சுற்றுகிற தட்டைத் தள்ள வேண்டும். கையை எடுக்க ஒரு நொடி பிந்தினால் தட்டு மணிக்கட்டைத் திருகிவிடும்.

மாமனாரின் மணிக்கட்டுத் துணியைப் பார்த்தாள். நேராகக் கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்தாள்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு மாமா. வயசானா ஏதாவது ஒரு சின்ன சாமான் தளர்ந்துபோறது சகஜம். அதைக் கவனிச்சுட்டா..."

"மோட்டாரைப் பத்தித்தானே பேசற?"

அவள் மீட்டர் ஒயரைச் சுருட்டினாள்.

"எனக்கு மாத்தற சாமான் எந்தக் கடையிலயும் இல்லம்மா." அவர் உள்ளே போனார்.

கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது. ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டு ஓடினாள். துணிப்பைக்குள் இரண்டு சட்டைகளை ஒற்றைக் கையால் திணித்துக்கொண்டிருந்தார்.

"வழிய விடு."

"விடமாட்டேன்."

"மருமக கையால மூத்திரத் துணி துவைக்கிற நாள் வரைக்கும் நான் இருக்கப் போறதில்ல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாலாம் மாசம் எனக்குக் கரு கலைஞ்சுதே, அப்ப உங்க பையன் லாரியில. நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா பாய், போர்வை, நைட்டி எல்லாம் கொடியில காயுது. யாரு துவைச்சது?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு."

"அவ அந்த வாரம் ஊர்லயே இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். கேட்டா உங்களுக்குச் சங்கடம்னு கேட்கல. எனக்கு மட்டும் கூச்சமா இல்லையா? உங்க முகத்தைப் பார்க்க ஒரு மாசம் ஆச்சு. நான் பையைத் தூக்கினேனா?"

"அது ரத்தம்மா. இது..."

"துணிக்கு ரெண்டும் கறைதான்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை ஒன்று பையிலிருந்து பாதி தொங்கியது.

"மூணு மாசமாச்சு. தினமும் இல்ல. நீ கடைக்குப் போனதும் மிஷின்ல போட்டுக் கையால தள்ளிவிடுவேன். கையால துவைக்கலாம்னா பிழிய தோள் வரல."

"டாக்டர்கிட்ட போலாம்."

"நீ உள்ள வரக்கூடாது."

"வாசல்லயே உட்கார்ந்துக்கறேன்."

"பையன்கிட்ட..."

"உங்க பையன்தானே, எப்பச் சொல்லணுமோ நீங்களே சொல்லுங்க." அவள் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். நீலம் பாரித்து வீங்கியிருந்தது. "இதையும் காட்டணும். கதவு இடிச்சதுன்னு டாக்டர்கிட்டயும் அடிச்சு விடாதீங்க."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "இன்னிக்குக் காலையிலயும் ஆயிடுச்சு. கட்டிலுக்கடியில இருக்கு."

அவள் குனியவில்லை. "கால் மணி நேரம் கொடுங்க. புதுசு இந்தத் தடவை என் பையிலயே வச்சிருக்கேன்."

கண்டன்சரை மாட்டி, மூடியைப் போட்டு, தண்ணீர் திறந்துவிட்டபோது அவரே சுருட்டிய விரிப்போடு வந்தார். மூட்டை தூக்கிய ஆள் அதை நெஞ்சோடு அணைத்து, மறைத்து எடுத்து வந்தார். போட்டார். குமிழைத் திருகினார். திருகின கை தானாகத் தொட்டிக்குள் போகப் பார்த்தது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிஷின் சுற்றியது. நின்றது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மறுபக்கம் சுற்றியது.

"முன்னாடியே சொல்லியிருந்தா இந்தக் கை வீங்கியிருக்காது" என்றாள்.

"முன்னாடியே மாத்தியிருந்தா?"

அவள் ஆணியில் தொங்கிய தன் கடைச் சட்டையை எடுத்தாள். கிரீஸும் ஈயப்புகையும் ஏறிய சட்டை. அதையும் தொட்டிக்குள் போட்டாள்.

"ஏம்மா, அதை எதுக்கு இதோட? தனியாப் போடக்கூடாதா?"

"இடம் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு மூடியை மூடினாள்.