கூப்பிடு தூரத்தில் ஒரு கோட்டை

கடப்பாரையை நான் கொஞ்சம் மெதுவாக இறக்கியிருந்தால் முத்தியால்பேட்டையில் அந்தத் தெரு அன்று காலை குளித்திருக்கும். நான் தேடியது எழுநூறு வருஷத்துக் கோட்டைச் சுவரை. உடைத்தது தண்ணீர்க் குழாயை. அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் போகிற குழாய், கலியபெருமாள் வீட்டுக் கொல்லை வழியாக ஓடுவது எனக்குத் தெரியாது. தண்ணீர் முருங்கை உயரத்துக்குப் பீறிட்டது.

அடுத்த வீட்டு துர்கா காலிக் குடத்தோடு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், கோட்டையக் காணோம், அகழி மட்டும் ரெடியாயிடுச்சா?"

லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் நடத்துகிறவன் நான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குறுநில மன்னன் கோட்டை கட்டியதாகக் கோயில் கல்வெட்டொன்று சொல்கிறது. யார் கூப்பிட்டால் என்று சொல்லவில்லை. என் குரல் என்றால் கோட்டை பீச்சிலேயே இருக்க வேண்டும். என் மனைவியின் குரல் என்றால் விழுப்புரத்தில் தேடலாம். பல வருஷமாக ஸ்கூட்டரில் அலைந்து, இதுவரை ஒரு சாக்கடையையும் ஒரு செப்டிக் டேங்க்கையும் கண்டுபிடித்திருக்கிறேன்.

இந்த முறை கலியபெருமாளே கல்லூரிக்கு வந்து கூப்பிட்டார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் பழைய செங்கல் தட்டுப்படுகிறதாம். காரணத்தையும் அவர் ஒளிக்கவில்லை. மகன் செல்வகுமார் இந்த வீட்டை விற்றுவிட்டு, பெற்றவர்களைத் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப்போகப் பார்க்கிறான். வாங்குகிறவர் நாளை முன்பணத்தோடு வருகிறார்.

"கோட்டை இருக்குதுன்னு நீங்க பேப்பர்ல ஒரு வரி எழுதிட்டா, அந்தாளு ஏன் சார் வாங்கப்போறான்?"

குழாயை அடைத்துவிட்டு ஆட்கள் போன பிறகுதான் பார்த்தேன். தண்ணீர் மண்ணை அரித்த இடத்தில் செங்கல் வரிசை ஒன்று வளைந்து போயிற்று. கொத்தளம்! கோட்டை மூலையில் வட்டமாக நிற்குமே, அதேதான். சேற்றில் மண்டியிட்டு டேப்பை விரித்தேன். வளைவை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கொத்தளத்தில் போர்வீரன் ஏற முடியாது, வாளி இறங்கலாம்.

"இது தூர்த்துப்போன கெணறுய்யா" என்றேன்.

"கோட்டைக்குள்ள கெணறு இருக்காதா சார்?"

"அப்பா, சும்மா இரு" என்றான் கொல்லை வாசலில் நின்றிருந்த செல்வகுமார். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க. இங்க வழுக்கி வுழுந்தா தூக்க ஆளு இல்ல."

"அங்க மட்டும் நீயா தூக்குவ? வெடிஞ்சா கம்பெனிக்கு ஓடிடுவ." கலியபெருமாள் சுவரைத் தட்டினார். "இந்த வூட்டுக்குக் கடகால் தோண்டசொல்ல மண்ணு சொமந்தவன்டா நானு."

அவர் குரல் உடைந்தது. எனக்கு அது ஆகாது. எங்கள் தொழிலில் 'இருக்கலாம்' என்று ஒரு சொல் உண்டு. கோட்டையைச் சேர்ந்த கிணறாக இருக்கலாம் என்று எழுதினால் யாரும் என்னைத் தூக்கிலிட முடியாது. வீடும் தப்பிக்கும். பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் மனைவி அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு டீ கொண்டுவந்தார். காலையிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் உட்பட.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? இந்த வீட்டை வித்துடலாமா?"

"அவ எங்கூடத்தான் இருப்பா" என்றார் கலியபெருமாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான் செல்வகுமார்.

"அவங்களத்தான் கேட்டேன்" என்றேன்.

அஞ்சலாட்சி டம்ளரை என் கையில் கொடுத்தார். கணவரைப் பார்த்தார். பிறகு என்னை.

"இவரு மனசு ஒடிஞ்சிடும்னு இத்தினி நாளு சொல்லல. இந்தக் கொல்லைக்கு எழுந்து வரதுக்குள்ள முட்டி கழண்டுடுது. அங்க பாத்ரூமு வூட்டுக்குள்ளயே இருக்குது. எனக்கு அங்கயே போவணும் சார்."