மொழுக்கி இல்லாத பாட்டு

அக்கா கோரஸ் பாடகி. நான்கு பெண்களில் ஒருத்தியாக நின்று 'ஆ' என்றும் 'ஓ' என்றும் இழுப்பதுதான் வேலை. மகளைத் தூங்கவைக்க மட்டும் தானே ஒரு பாட்டைக் கட்டியிருந்தாள். "நீ தூங்காட்டி போ மொழுக்கி, நான் தூங்கப் போறேன்" என்று ஆரம்பிக்கும். குழந்தை கொழுக்கு மொழுக்கென்று இருந்ததால் வீட்டில் அந்தப் பெயர். நாலு வயதில் பள்ளிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அத்தானுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

நான் இசைத்தட்டுக் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஒருநாள் ஒலிப்பதிவு இடைவேளையில் அக்கா முணுமுணுத்ததை இசையமைப்பாளர் கேட்டுவிட்டார்.

"இது யாரு போட்ட மெட்டு?"

"எங்க வீட்டு மெட்டு சார்."

அந்த வாரமே அவளைத் தனியாகப் பாடவைப்பதென்று முடிவாயிற்று. பன்னிரண்டு வருஷம் கோரஸில் நின்றவள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டைத் தட்டச்சு செய்து மேனேஜரிடம் கொடுத்தேன். "மொழுக்கியா? வழுக்கி விழுந்த மாதிரி இருக்கேம்மா" என்று பென்சிலால் தலையைச் சொறிந்தார். அக்காவைக் கேட்டிருக்கலாம். பக்கத்துக் கட்டடத்து ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் இருந்தாள். எனக்கோ அவரிடம் கெட்டிக்காரி என்று பேர் வாங்க ஆசை.

"கண்மணின்னு போடலாம் சார். மெட்டுலயும் இடிக்காது" என்றேன். கார்பன் வைத்து ஐந்து பிரதி அடித்தேன்.

மைக் முன் நின்றபோதுதான் அக்கா தாளைப் பார்த்தாள். வாத்தியக்காரர்கள் இருபது பேர் காத்திருந்தார்கள். பாடிவிட்டாள். வெளியே வந்து, "மாத்தினது யாரு?" என்றாள்.

"நான்தான்க்கா. மேனேஜர் ஒத்துக்கல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டி."

இசைத்தட்டு வந்த அன்று மூவரும் அதன் முன் உட்கார்ந்தோம். முதல் வரி முடிந்ததும் குழந்தை எழுந்துபோய் ஒலிபெருக்கியின் வலையில் காதை வைத்தாள்.

"என் பேர் எங்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "அம்மாதான் மாத்திட்டேன்டா."

"கண்மணி யாரு?"

அக்கா எழுந்துபோய் இசைத்தட்டை நிறுத்தினாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அக்கா அந்தப் பாட்டை ஆரம்பித்தாலே குழந்தை காதைப் பொத்திக்கொள்வாள். "அது கண்மணி பாட்டு. எனக்கு வேணாம்."

பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. அடுத்த வருஷமே ஒரு பாடகர் கட்டைக் குரலில், தூங்குகிற குழந்தையும் அலறுகிற மாதிரிப் பாடினார். ஒரு குழு அதை ஆட்டப்பாட்டு ஆக்கியது. மெத்தை விளம்பரத்தில் வந்தது, பிற்காலத்தில் செல்போன் மணியாயிற்று, லிஃப்டில்கூட வெறும் புல்லாங்குழலாக ஊதியது. எனக்குத் தெரிந்து இருபத்து மூன்று பதிவுகள். சொல்லோடு வந்ததிலெல்லாம் கண்மணிதான்.

அக்கா ஊர் ஊராக மேடையேறினாள். பெண் என்னிடம் வளர்ந்தாள், பல் டாக்டரானாள். தாயும் மகளும் சண்டை போட்டதே இல்லை. போட்டிருந்தால் தேவலை. விருந்தாளியிடம் பேசுவதுபோல அம்மாவிடம் பேசுவாள்.

போன மாதம் அக்கா போய்விட்டாள். வானொலிக்காரர்கள் அந்தப் பாட்டின் கதையைக் கேட்டு மகளைத் தேடி வந்திருக்கிறார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்களே பேசிடுங்க சித்தி. அதப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் சொன்னேன். பெயரை மாற்றியது நான் என்று.

"அம்மா ஏன் சொல்லல?"

"அவ பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டா. என்னையும் நீ வெறுத்துட்டா உனக்கு யாரு இருப்பான்னு நெனச்சிருப்பா."

"சரி. நீங்க ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்லுவேன். நீ எங்கிட்டதான் ஒட்டிட்டிருந்த. அது எனக்குப் பிடிச்சிருந்தது."

அவள் என்னைத் திட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

"கடைசியா ஆஸ்பத்திரியில அம்மா, அந்தப் பாட்டைப் பாடட்டுமான்னு கேட்டாங்க. நான் வேணாம்னுட்டேன் சித்தி."

இப்போதும் தினமும் போன் செய்கிறாள். மாத்திரை சாப்பிட்டேனா என்று விசாரிக்கிறாள். குரலில் கோபம் இல்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோலத்தான் இருக்கிறது.